பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. மதுரையில் இனி வாழ்வது எப்படி?

தண்ணீர்மலைப்பெண் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். கணவருக்கு மதுரையில் வேலை அமைந்ததால் சென்ற ஆண்டின் இறுதியில் இங்கே குடிவந்தோம். தல்லாகுளத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பினாங்கிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் பிற்பகல் மூன்றரைக்கு எழுந்துவிடலாம். அதன் பிறகு இரவு வரை எனக்கு வேறு அலுவல் இல்லை.

நாங்கள் வந்ததிலிருந்து உறவினர் யாராவது மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கிறார்கள். வருகிறவர்களை எல்லாம் மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி நினைவு அருங்காட்சியகம், விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு ஜிகர்தண்டா, இரவில் பன் பரோட்டா என்று ஒரே தடத்தில் அழைத்துப்போய், வழிகாட்டிகள் சொல்வதை அவர்களுக்கு முன்பே நான் சொல்லிவிடும் நிலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் இந்த ஊரில் குடியிருக்கிறோம் என்ற எண்ணம் இன்னும் ஒட்டவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால், “இங்கன என்னம்மா இருக்கு, கோயிலுக்குப் போங்க, இல்லாட்டி சினிமாவுக்குப் போங்க” என்று முடித்துவிடுகிறார்கள். தமிழ் பேசுகிறவள் என்பதால் என்னை யாரும் வெளிநாட்டுக்காரியாக நினைப்பதில்லை. அதனாலேயே எனக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

தைப்பூசத்தன்று வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஊரில் தைப்பூசம் என்றால் வெள்ளி ரதம், வீதி நெடுகச் சிதறு தேங்காய், தண்ணீர்மலைக்குக் காவடி. இங்கே அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் ஏறி அமர, கரையில் நின்றவர்கள் வடம் பிடித்து இழுக்க, மைய மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர், “தெப்பம் முடிஞ்சிருச்சு, இனிச் சித்திரைதான்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். ஊரில் எல்லோர் மனத்திலும் ஓர் ஆண்டுக்கணக்கு இருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆகவே கேட்கிறேன். மதுரைக்காரர்கள் விருந்தினருக்காக அல்லாமல் தங்களுக்காக எங்கே போகிறார்கள், எப்போது போகிறார்கள்? சித்திரைத் திருவிழாக் கூட்டத்தைப் புதியவர் எப்படிச் சமாளிப்பது? கிராமத்துத் திருவிழாக்களுக்கு அழைப்பில்லாமல் போகலாமா? உணவகப் பட்டியல் மட்டும் வேண்டாம். அது என்னிடம் நிறைய இருக்கிறது.

வடக்குமாசிவீதி எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். மாசி வீதியில் பிறந்து, ஓய்வூதியம் வாங்கும் வயதிலும் அங்கேயே இருக்கிறவன் என்ற உரிமையில் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்து முடித்துவிட்டதாகச் சொல்லும் கோயிலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. விருந்தினரோடு பகலில் வரிசையில் நின்றவர்களுக்குக் கோயிலின் மாலையும் இரவும் தெரிந்திருக்காது. வெள்ளிக்கிழமை மாலையில் பொற்றாமரைக் குளத்தருகே உள்ள ஊஞ்சல் மண்டபத்தில் அம்மனையும் சுவாமியையும் ஊஞ்சலில் அமர்த்தி ஆட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பது மணியளவில் சுவாமியின் பாதுகைகள் பல்லக்கில் ஏறி, மேளத்தோடும் நாகசுரத்தோடும் அம்மன் சன்னதியின் பள்ளியறைக்குப் போகும். நடை சாத்தும் முன் நடக்கிற அந்தச் சிறு ஊர்வலத்துக்கென்றே கடையைச் சாத்திவிட்டு வருகிற வணிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பின்பு கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை வந்தது. அந்தத் தடையைப் பலர் குறை சொன்னார்கள். ஊரிலேயே மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடமாகக் குளத்துப் பிராகாரம் ஆனது அதனால்தான் என்பது என் கருத்து.

அடுத்தது வீதிகள். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரோடு வீதிகள் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆடி வீதி மதிலுக்குள்ளேயே இருக்கிறது. முன்பு மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்றும், அதனால்தான் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகிறது என்றும் பெரியவர்கள் சொல்லுவார்கள். வெயில் சாய்ந்த பிறகு அந்த மாசி வீதிகளை ஒரு சுற்று நடந்து வாருங்கள். கீழமாசி வீதியின் மளிகை மொத்தக் கடைகளும், வெண்கலக் கடைத் தெருவின் பாத்திரக் கடைகளும் சுற்றுலாப் பயணிக்காகத் திறந்திருப்பவை அல்ல. புது மண்டபத்தில் பல தலைமுறையாகத் துணி தைத்தவர்களும் பூசைப் பொருள் விற்றவர்களும் இப்போது குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். தேடிப் போனால் சுவாமிக்குக் கட்டும் சிற்றாடை முதல் நவராத்திரிக்கு வேண்டியது வரை அங்கே கிடைக்கும். நடந்து களைத்தால் தெருமுனைத் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடியுங்கள். சுக்கும் கருப்பட்டியும் சேர்த்த அதை உங்கள் பட்டியல்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

இனிப் பாட்டி சொன்ன ஆண்டுக்கணக்கு. சித்திரையில் பட்டாபிஷேகத்தன்று மீனாட்சி செங்கோல் வாங்குகிறாள். ஆவணியில் சொக்கநாதருக்குப் பட்டம் கட்டும் வரை ஊர் அவள் ஆட்சியில் இருக்கிறது. பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் திக்குவிசயம், அதற்கு அடுத்த நாள் திருக்கல்யாணம், அதற்கும் அடுத்த நாள் தேர். ஆடியில் முளைக்கொட்டு. ஆவணி மூலத்தில் புட்டுத் திருவிழா: வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்து மண் சுமந்து, பிட்டு வாங்கித் தின்று, பாண்டியனிடம் பிரம்படி பட்ட இறைவன் கதையை ஆரப்பாளையம் பக்கத்துப் புட்டுத்தோப்பில் நடத்திக் காட்டுவார்கள். அதற்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேருவார்கள். கூட்டம் அளவாக இருக்கும்; புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்று நான் சொல்லுவேன். புரட்டாசியில் நவராத்திரிக் கொலு, கார்த்திகையில் தீபம்.

மார்கழித் தேய்பிறை அட்டமியில் இரண்டு சப்பரங்கள் வெளிவீதிகளைச் சுற்றும். உலகத்து உயிர்களுக்கெல்லாம் இறைவன் படியளக்கும் நாள் என்பதால் வழிநெடுக அரிசியைத் தூவிப் போவார்கள். மக்கள் அதைப் பொறுக்கிக் கொண்டுபோய் வீட்டு அரிசிப்பானையில் போட்டு வைப்பார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்கள் மட்டுமே இழுப்பார்கள். வடத்தைப் பிடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அம்மா.

சித்திரையில் அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு வரும் அழகரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். முதலில் மற்றவர்கள் சொல்லட்டும்.

மேலூர்க்கண்மாய் எழுதுகிறார்:

அக்கா, வணக்கம். ஐயா கோயிலைச் சொல்லிவிட்டார். நான் ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறேன். கிராமத் திருவிழாவுக்கு அழைப்பில்லாமல் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருவிழாவுக்குத் தாராளமாகப் போகலாம். விருந்துக்குத்தான் யாராவது ஒருவர் வீட்டு ஆளாகப் போக வேண்டும். ஊர்ப் பொட்டலில் நடக்கும் வள்ளி திருமண நாடகத்தை இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடியப் பார்க்க யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, பாயை எடுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் விரித்தால், “எந்த ஊரு, யாரு வீட்டுக்கு வந்த?” என்று அவர்களே பேச்சைத் தொடங்குவார்கள். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் பகுதிதான் இதில் உயிர். மேடையிலேயே சொல்லுக்குச் சொல் கட்டிப் பேசுவார்கள் என்பதால் ஓர் ஊரில் கேட்டது அடுத்த ஊரில் அப்படியே வராது. ஒப்பனை கலைந்து களைத்துப்போகும் பின்னிரவில்தான் நல்ல நடிகர்கள் தனித்துத் தெரிவார்கள்.

எங்கள் பக்கத்தில் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது மீன்பிடித் திருவிழா. கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வரும்போது ஊரில் நாள் குறிப்பார்கள். செய்தி வாய்வழியாகவும் இப்போது வாட்ஸ்அப் வழியாகவும் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்விடும். விடியும் முன்பே ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளும் வலையும் தூக்கிக்கொண்டு, சிலர் வீட்டுக் கொசுவலையையே எடுத்துக்கொண்டு, கரை முழுக்க ஆட்கள் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசிக் காட்டும் வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். துண்டு வீசியதும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். விரால், கெளுத்தி, கெண்டை, குரவை என்று கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள், விற்பது கிடையாது. மீனைப் பிடித்துத் தீர்த்தால் மழை பெய்து கண்மாய் மறுபடி பெருகும் என்பது நம்பிக்கை. அன்று ஊருக்குள் எந்தத் தெருவில் நடந்தாலும் மீன்குழம்பு வாசனைதான். தெரிந்தவர் ஒருவரும் இல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் உங்கள் கையில் ஒரு மீனைத் திணிப்பார், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐயனாருக்கு மண்குதிரை சுமந்து போகும் புரவி எடுப்பும் எங்கள் வட்டாரத்தில் உண்டு. வேளார் வீட்டில் சுட்டு வண்ணம் பூசிய குதிரைகளை ஊர்ப் பொட்டலிலிருந்து கோயிலுக்குத் தோளில் எடுத்துப் போவார்கள்.

சல்லிக்கட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தை பிறந்தால் உங்கள் பினாங்கு உறவினர்கள் கட்டாயம் கேட்பார்கள். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்பது வரிசை. 2014இல் வந்த தடையும், 2017 சனவரியில் நடந்த போராட்டமும், 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் சட்டத்தைச் செல்லும் என்று சொன்னதும் உங்களுக்குச் செய்தியாகத் தெரிந்திருக்கும். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 சனவரியில் ஏறுதழுவுதல் அரங்கம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்க வசதி. இருந்தாலும் வாடிவாசலை விட, மார்கழியில் மாலை நேரத்தில் கிராமங்களில் காளையைக் கண்மாயில் நீச்சலுக்கு விடுவதையும், மண்ணைக் குத்தப் பழக்குவதையும் போய்ப் பாருங்கள் என்பேன். வளர்க்கிற வீட்டுப் பெண்கள் பிடித்தால் அது கன்றுக்குட்டிபோல் நிற்கும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் வாடிவாசலில் என்ன நடக்கிறது என்பது விளங்கும்.

கொழும்புத்துறையான் எழுதுகிறார்:

வணக்கம் சகோதரி. நானும் கடல் கடந்து வந்தவன்தான். யாழ்ப்பாணத்திலிருந்து போர்க்காலத்தில் வந்து, படித்து, மணம் முடித்து மதுரையிலேயே நிலைத்துவிட்டேன். மேலே எழுதியவர்கள் இங்கேயே பிறந்தவர்கள் என்பதால், திருவிழா அவர்களுக்கு வீட்டு விசேடம். வந்து குடியேறிய நமக்கு அது நீண்ட நாள்களுக்குக் காட்சியாகவே இருக்கும் என்பது என் அனுபவம். தேருக்கும் தெப்பத்துக்கும் இடையே ஒன்றும் நடக்காத வாரங்கள்தாம் அதிகம். அந்த வாரங்களில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஊர் நம்மைச் சேர்த்துக்கொள்ளும்.

என்னைச் சேர்த்துக்கொண்டவை மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள். நாகமலையைத் தாண்டிக் கீழக்குயில்குடிக்குப் போனால் தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், ஐயனார் கோயில், அதன் பின்னால் சமணர் மலை. படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனால் சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றின் கீழே செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. இன்னும் மேலே மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு. யானைமலையிலும் அரிட்டாபட்டியிலும் மாங்குளத்திலும் இதுபோல் குகைகளும் கல்வெட்டுகளும் உண்டு. மாங்குளத்துத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரே இருக்கிறது. அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் மேலூர் வட்டாரமே திரண்டு எழுந்தது, 2025 சனவரியில் அந்த ஏலம் கைவிடப்பட்டது. இந்தச் செய்திகள் வந்தபோது அவை என் ஊர்ச் செய்திகளாக எனக்குப் பட்டன. அந்தப் பாறைகளில் நடந்திருந்ததே அதற்குக் காரணம்.

தனியாகப் போக வேண்டியதில்லை. 2010இல் யானைமலையைக் காக்க எழுந்த முயற்சியின் தொடர்ச்சியாகப் பசுமை நடை என்ற குழு உருவாயிற்று; ஞாயிறு காலையில் தொன்மையான ஓர் இடத்துக்குக் கூடிப்போய், அங்கேயே அதன் வரலாற்றைக் கேட்டுவிட்டு, கூடவே உணவு உண்டு திரும்புவது அவர்கள் வழக்கம். குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஞாயிறு உங்களுக்கும் விடுமுறைதானே.

வேலை நாள்களின் மாலைக்கு வேறு இடங்கள் உள்ளன. புதுநத்தம் சாலையில் 2023 சூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளால் நிறைந்திருக்கும், இருந்தாலும் இடம் கிடைக்கும். தல்லாகுளம் பக்கத்திலேயே இலட்சுமி சுந்தரம் அரங்கில் சத்குரு சங்கீத சமாசத்தின் கச்சேரிகள் நடக்கும். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகும்போது மட்டும் உறவினர்களை அழைத்துப் போகாதீர்கள், அவசரப்படுத்துவார்கள். மணிகளையும் தாயக்கட்டைகளையும் பானையோட்டில் கீறிய பெயர்களையும் நின்று பார்க்க அரை நாள் வேண்டும்.

சல்லிக்கட்டைப் பற்றித் தம்பி எழுதியதோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை போனேன், பிறகு போகவில்லை. அதை இங்கே விவாதிக்க விரும்பவில்லை. எல்லாவற்றையும் விரும்பினால்தான் ஊர்க்காரர் ஆக முடியும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தண்ணீர்மலைப்பெண் எழுதுகிறார்:

மூவருக்கும் மிகுந்த நன்றி. மார்கழி அட்டமியையும் புட்டுத்தோப்பையும் குறித்து வைத்துக்கொண்டேன். மீன்பிடித் திருவிழாவுக்கு என் கணவர் இப்போதே கொசுவலை தேடுகிறார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். மாலை மங்கிய பிறகு மாசி வீதிப் பக்கம் பெண் ஒருத்தி தனியாகச் சுற்றி வருவது இயல்பாக இருக்குமா? அடுத்து, எங்கள் வீட்டு உரிமையாளரின் பேரனுக்குக் காதுகுத்து. அச்சிட்ட அழைப்பிதழைத் தாம்பூலத்தோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பினாங்கில் இப்படி நிகழ்ச்சிகளுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு வருவோம். இங்கே என்ன முறை?

சுங்குடிப்புள்ளி எழுதுகிறார்:

வாங்கம்மா. இரண்டு கேள்வியும் பெண்கள் பதில் சொல்ல வேண்டியவை என்பதால் வந்தேன்.

நான் கீழவாசல் பக்கத்துச் சௌராட்டிரக் குடும்பம். வேலை முடிந்து இரவு எட்டரை, ஒன்பதுக்கு நடந்தே வீடு திரும்புகிறவள். விளக்குத்தூண், மாசி வீதிகள், சித்திரை வீதிகள் ஆகியவற்றில் கடைகள் சாத்தும் வரை பெண்கள் நடமாட்டம் நிறையவே இருக்கும். பூக்காரம்மாக்களும் இட்லிக்கடை அக்காக்களும் அதற்குப் பிறகும் இருப்பார்கள். கடை சாத்திய பிறகு குறுக்குச் சந்துகளைத் தவிர்த்துவிடுங்கள், அவ்வளவுதான். தல்லாகுளத்திலிருந்து பெரியார் நிலையத்துக்கு நகரப் பேருந்திலேயே வரலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பேருந்தில் போய்ப் பழகினால் ஆட்டோவில் ஓர் ஆண்டில் தெரியாதது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், ஏனென்றால் நம் ஊர்ப் பெண்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசாமல் கோரிப்பாளையத்தைத் தாண்ட மாட்டார்கள்.

பூ வாங்கும் இடத்தையும் நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே பூக்காரம்மாவிடம் நாள்தோறும் வாங்க வேண்டும். கோடையில் மல்லிகை கொட்டிக் கிடக்கும்போது முழம் தாராளமாக இருக்கும். மார்கழி, தையில் பனிக்கு வரத்து குறைந்து, முகூர்த்த நாளும் சேர்ந்துவிட்டால் மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அன்றைக்குத்தான் வாடிக்கையின் அருமை தெரியும். உங்களுக்கென்று ஒரு முழத்தை ஈரத்துணியில் சுற்றி ஒதுக்கி வைத்திருப்பார். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் பெருமைதான், ஆனால் விலையைக் குறைக்க அதனால் முடியவில்லை. விடுமுறை நாளில் விடியற்காலையில் ஒரு முறை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய் வாருங்கள். வாங்குவதற்கென்று இல்லாவிட்டாலும் போகலாம்.

சுங்குடிச் சேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம். கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி இப்போது மெழுகு அச்சும் திரை அச்சும்தான். வெயிலுக்கு அவையும் நல்லவை, விலையும் குறைவு, குறை சொல்லவில்லை. ஆனால் துணியை மடித்து, விரல் நுனியால் கிள்ளி, நூலால் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியெடுப்பதுதான் உண்மையான சுங்குடி. எங்கள் வீடுகளில் பாட்டிமார் கதை பேசிக்கொண்டே முடிச்சுப் போடுவார்கள். இன்று அந்தக் கை குறைந்துவிட்டது. புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே வட்டமாக இருந்தால் அது அச்சு. ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டு, நடுவில் முடிச்சின் சுருக்கம் தெரிந்தால் கைவேலை. மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் விசாரித்தால் முடிச்சுப் போடும் வீடுகளுக்கே அழைத்துப் போவார்கள்.

காதுகுத்துக்கு வருகிறேன். மதுரைப் பக்கத்தில் காதுகுத்து என்பது கிட்டத்தட்டக் கல்யாணம். தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு தட்டுத் தட்டாக வரும். குழந்தையை மாமன் மடியில் உட்கார்த்தி மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, இரண்டு பேர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே உறை கொடுத்தால் பிரித்து எண்ணி எழுதுவார்கள், தப்பாக நினைக்காதீர்கள். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. தொகை ஒற்றைப்படையில் வருமாறு, ஒரு ரூபாய் சேர்த்து வையுங்கள். பெயரைச் சொல்லும் முன் ஊரைக் கேட்பார்கள். பினாங்கு என்றே சொல்லுங்கள், அப்படியே எழுதட்டும். பல இடங்களில் ஒலிபெருக்கியிலும் வாசிப்பார்கள். எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. கறிவிருந்தில் பெரும்பாலும் எலும்புக் குழம்பு முதலில் வரும், அதிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள், சுக்காவும் குடலும் பின்னால் வரும். நீங்கள் சைவம் என்றால் அழைத்தவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. தனியாக இலை போட்டுக் கவனிப்பார்கள்.

வடக்குமாசிவீதி எழுதுகிறார்:

சுங்குடியம்மா சொன்ன மொய்யோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில், அதாவது 1904இல் பாரதியார் சில மாதங்கள் தமிழ் கற்பித்த அதே பள்ளியில், கல்யாண விருந்து நடக்கும். சாப்பிட்டவர்கள் அம்மன் கல்யாணத்துக்கும் மொய் எழுதிவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்குத் திருமணமான பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வதும் வழக்கம்.

அழகரைப் பற்றிப் பிறகு எழுதுவதாகச் சொன்னேன். சித்திரை முழுநிலவு நாளன்று விடியலில் அவர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவதைப் பார்க்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். 2022இல் அந்த நேரத்து நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். முதல் ஆண்டிலேயே ஆற்றுக்குள் போக வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் நீங்கள் இருப்பது தல்லாகுளத்தில். முந்தின நாள் மதுரைக்காரர்கள் அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை உங்கள் பகுதியில்தான் நடக்கிறது. சுவாமியை இறக்கி வழிபடும் மண்டகப்படிகள் ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருவார். இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில், திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு விடியலில் புறப்படுவார். என்ன நிறத்துப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதில்தான் எல்லோர் கண்ணும் இருக்கும். பச்சை என்றால் அந்த ஆண்டு செழிப்பு என்பார்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சும் பக்தர்களிடமிருந்து தப்ப முடியாது, நல்ல துணி உடுத்தாதீர்கள். வண்டியூர், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம், இரவெல்லாம் தசாவதாரம் என்று முடித்துத் திரும்பும்போது, மறுபடி தல்லாகுளத்திலிருந்துதான் பூப்பல்லக்குப் புறப்படும். எதிர்சேவையில் பாதிக் கூட்டம்கூட அதற்கு இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம்.

அந்த நாள்களில் உங்கள் சாலையில் வண்டி நகராது. பால், காய்கறி, எரிவாயு உருளை எல்லாவற்றையும் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பும் சொல்லி வையுங்கள், மேளச் சத்தத்தில் கணக்கு எழுத முடியாது. வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட முடிந்தால் போடுங்கள். தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். உங்கள் மொட்டைமாடி அழகர்கோவில் சாலையைப் பார்த்து இருந்தால் மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள், நான் உட்படப் பலர் வந்துவிடுவோம்.